எம்.எஸ். இன்டர்வியூ: இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம் மின்சாரம்

எம்.எஸ். (பொறியியலில் ஆராய்ச்சி முதுகலைப் படிப்பு) தேர்வானவர்கள் லிஸ்ட் நேற்று வந்தது. பெயர் இருக்கிறது. இரண்டு வருடப் பாரம் இறங்கிய கையோடு எழுதிவிடுகிறேன். கேட் (பொறியியல் முதுகலை நுழைவுத் தேர்வு) மதிப்பெண், கட்-ஆஃப் எல்லாம் உங்களுக்கே தெரியும். போன வருடம் என்னைக் கவிழ்த்து, இந்த வருடம் காப்பாற்றிய ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போன வருடம், வேறொரு இடத்தில்: "மூடிய இரும்புத் தொட்டி. சுவர் 5 செ.மீ. உள்ளே ஒரு சென்சார். துளை போடக்கூடாது. மின்சாரம் எப்படிக் கொடுப்பீர்கள்?"

யோசிக்கவே இல்லை. இரண்டு காயில் (கம்பிச் சுருள்), இரண்டையும் ஒரே அதிர்வெண்ணில் இசைய வைக்கும் ரெசனன்ஸ், 2007-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கம்பியில்லாமல் 2 மீட்டர் தள்ளி 60 வாட் பல்பை எரியவைத்தது, 40 சதவீதத் திறன் என்று கடகடவென ஒப்பித்தேன். பேராசிரியர் முழுவதும் கேட்டுவிட்டு, "இண்டக்‌ஷன் அடுப்பில் என்ன நடக்கிறது?" என்றார். அப்போது விளங்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. காயில் முன்னால் இரும்பை வைத்தால் எடி கரண்டில் (உலோகத்துக்குள் சுழலும் மின்னோட்டம்) அந்த இரும்புதான் சூடாகும். ஸ்கின் டெப்த் (காயிலின் புலம் உலோகத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது) கணக்கை கேட் தேர்வில் சரியாகப் போட்டிருந்தேன். கேள்வியில் அது ஒளிந்திருப்பதுதான் தெரியவில்லை.

அதனால் நான் அடித்துச் சொல்வது இதுதான்: சுவர் எதனால் ஆனது என்று முதலில் கேளுங்கள். பதில் அப்புறம்.

- மரம், கண்ணாடி, பிளாஸ்டிக்: காயில் போதும்.
- சாதா இரும்பு: ஸ்கின் டெப்த் 50 ஹெர்ட்ஸில் சுமார் 3 மி.மீ., 1 மெகாஹெர்ட்ஸில் சுமார் 20 மைக்ரோமீட்டர். 5 செ.மீ. சுவருக்குக் காயில் உதவாது.
- காந்தம் ஒட்டாத 304 எவர்சில்வர்: 50 ஹெர்ட்ஸில் சுமார் 6 செ.மீ. காயில் முயலலாம். ஆனால் அதிர்வெண் குறைந்தால் தூண்டப்படும் மின்னழுத்தமும் குறையும்.
- தடித்த இரும்பு: மின்சாரத்தை ஒலியாக மாற்றி அனுப்புங்கள்.

இந்த வருடம் தொட்டிக்குப் பதில் நீர்மூழ்கிக் கப்பல். என்ன உலோகம் என்று கேட்டேன். இரும்பு என்றார்கள். தாளில் சுவரை வரைந்து, இருபுறமும் பீசோ வட்டுகளை (மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதிர்ந்தால் மின்சாரம் தரும்) ஒட்டினேன். வெளி வட்டு அல்ட்ராசோனிக் (காதுக்குக் கேட்காத ஒலி) அதிர்வைச் சுவருக்குள் அனுப்பும். உள் வட்டு அதை மின்சாரமாக்கும். இரும்பில் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் ஓடுகிறது. 1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் கிட்டத்தட்ட 6 மி.மீ.

"வட்டை அழுத்திப் பிடித்தால் போதாதா?" என்று ஆரம்பித்தவர்கள் பத்து நிமிடம் அதிலேயே நின்றார்கள். போதாது. இரும்பின் ஒலி மறிப்பு (ஒலி அலைக்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு) காற்றினுடையதைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல். மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலும் ஒலி கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும். எபாக்ஸி போட்டு ஒட்ட வேண்டும், அல்லது ஜெல் தடவ வேண்டும். இதை நன்றாகப் படித்துவிட்டுப் போங்கள்.

எண் எதையும் நானாக எடுத்துவிடவில்லை. கேட்ட பிறகுதான், நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகம் டைட்டானியம் தகட்டின் வழியே 1 கிலோவாட்டுக்கு மேல் அனுப்பியதைச் சொன்னேன்.

கடைசிக் கேள்வி: "சுவர் சூடானால்?" ஒலியின் வேகம் மாறும், ரெசனன்ஸ் நகரும், டிரைவர் (வட்டை இயக்கும் மின்சுற்று) அதிர்வெண்ணைத் தொடர்ந்து துரத்திப் பிடிக்க வேண்டும் என்றேன். தலையசைத்து, போகலாம் என்றார்கள்.