ராத்திரியில் கீரை

ஜூன் 14 சாயங்காலம் கடலூர் துறைமுகம் ஸ்டேஷனில் இறங்கியபோது என் மனசு முழுக்க ஆட்டுக்கறிதான். விடிந்தால் வேட்டை. வேட்டைக்குப் போகிறவன் வீட்டில் முந்தின ராத்திரி விருந்து இல்லாமலா இருக்கும்?

இந்தக் கணக்கு தாத்தாவிடமிருந்து வந்தது. கவுதாரி, முயல் என்று கூட்டாளிகளோடு காடுமேடெல்லாம் அலைந்தவர் அவர். கிளம்புகிற நாளுக்கு முந்தின ராத்திரி கோழி அடித்துக் குழம்பு வைப்பார்களாம். மறுநாள் வெறுங்கையோடு திரும்பினாலும் கோழி தின்றது லாபம் என்று சிரிப்பார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு துப்பாக்கியை வைத்தவர்தான். எனக்குக் கதை மட்டும் மிச்சம்.

நான் பார்க்கப் போனது கடல் வேட்டை. சங்கப் பாடல்களிலேயே பரதவர் மீன் பிடிப்பதற்கு ‘வேட்டம்’ என்றுதான் பெயர். துறைமுகம் இருக்கும் கடலூர் முதுநகரில் அப்படி யாரும் சொல்வதில்லை. “தொழிலுக்குப் போறோம்” என்பார்கள், ஏதோ ஆபீஸுக்குப் போவதுபோல.

என் நண்பன் விசைப்படகு ஓட்டுகிறவன். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகள் கரையில்தான் நிற்கவேண்டும். 2001-இல் தொடங்கியபோது 45 நாளாக இருந்தது, 2017-இல் 61 ஆனது. அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகியிருக்கிறது. ரெண்டு மாசத்துக்கு அது எந்த மூலைக்கு என்று கேட்டால் பதிலுக்கு ஒரு சிரிப்புதான் வரும். வலை பின்னுவது, போட்டுக்கு பெயின்ட் அடிப்பது, இன்ஜினைப் பிரித்து மாட்டுவது என்று நாள் போகும். நகை அடகுக்குப் போவதும் அப்போதுதான்.

உப்பனாற்று ஓரம் அன்றைக்கு ஒரே திருவிழாக் கூட்டம். ஐஸ், டீசல், தண்ணீர் கேன் என்று ஆளுக்கொரு பக்கம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நண்பனின் போட்டில் ஏறிய சமையல் சாமான்களை எட்டிப் பார்த்தேன். அரிசி, புளி, மிளகாய்த்தூள், வெங்காயம், தக்காளி, எண்ணெய், கேஸ் சிலிண்டர். காய்கறி என்று பெரிதாக எதுவும் இல்லை.

“குழம்புக்கு?”

“அது கடல்ல இருக்கு” என்றான்.

ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கும் அவன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நாலு வீட்டில் பிரியாணி வாசனை. என் நம்பிக்கை உறுதியானது. ஆனால் அவன் வீட்டு வாசலில் ஆயா ஒரு முறம் நிறைய முருங்கைக்கீரையை வைத்து உருவிக்கொண்டிருந்தார்.

“ராத்திரியில் கீரையா ஆயா?”

“அத அவன்கிட்ட கேளு. வருஷா வருஷம் இதே ரோதனை. பொழுது சாஞ்சா கீரை திங்கக்கூடாதுன்னு ஊரே சொல்லுது, இவன் கேக்கணுமே.”

நண்பனிடம் ரெண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, ரெண்டு மாசம் தரையில் நின்ற கால். முதல் நாள் அலையில் பழைய ஆளுக்கே வயிறு புரட்டும், அதில் பிரியாணியை ஏற்றிக்கொண்டு போனால் கப்பலேறிய கதைதான். இன்னொன்றுதான் எனக்குத் தோன்றாதது. நாலைந்து நாள் கடலில் மூணு வேளையும் மீன். வலையில் வந்ததில் நல்லதாக நாலை எடுத்துப் போட்டால் குழம்பு. நாம் காசு கொடுத்துத் தேடுகிற சாப்பாடுதான். ஆனால் மூன்றாம் நாள் அவனுக்குப் பச்சையாக ஏதாவது தின்னவேண்டும்போல் இருக்குமாம். “அங்க சுத்தி நீலம்தான் அண்ணே, பச்சை கிடையாது.” கீரை ஐஸில் வைத்தாலும் கருகிப்போகும், மோர் புளித்துவிடும். அதனால் போகிற ராத்திரி கரையில் மட்டும் கிடைப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். கீரை, மிளகு ரசம், கெட்டி மோர்.

நியாயம்தான். ஆனால் எனக்கு?

என் முகம் போன போக்கைப் பார்த்து அவன் அம்மா, “உனக்கு வேற இருக்கு, வா” என்று அடுக்களைக்குக் கூப்பிட்டார். அங்கேதான் அன்றைய ராத்திரியின் நாயகன் கொதித்துக்கொண்டிருந்தது: பலாக்கொட்டைக் கருவாட்டுக் குழம்பு. ஜூன் மாசம் என்றால் பண்ருட்டிப் பலா மலிந்து கிடக்கும் காலம். சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் தூக்கி எறிகிறவர்களை இந்தப் பக்கத்தில் யாரும் மதிப்பதில்லை. மேல்தோலை உரித்து, பழுப்புத் தோலைச் சுரண்டி, ரெண்டாக நறுக்கிப் புளித்தண்ணீரில் முதலில் வேகவைத்திருந்தார். பாதி வெந்ததும் கத்தரிக்காய், அதற்கப்புறம் ஒரு புளிப்பு மாங்காய். கடைசியாக, வெந்நீரில் போட்டுக் கழுவிய வாளைக் கருவாடு. கருவாடு விழுந்தபின் கரண்டி போடக்கூடாதாம், உடைந்துவிடும். சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுழற்றி இறக்கினார். மேலே நல்லெண்ணெய்.

தடைக்கு முன்னால் கடைசியாகப் போன தடவை வந்த வாளை அது. இந்த வீட்டு மொட்டை மாடியில்தான் காய்ந்தது. போன வேட்டையின் மிச்சம் அடுத்த வேட்டைக்கு முன்தினம் சட்டிக்கு வந்திருக்கிறது.

பலாக்கொட்டை மாவு மாதிரி கரைந்தும் கரையாமலும் இருந்தது. மாங்காய்த் துண்டு கருவாட்டின் உப்பை உறிஞ்சிக்கொண்டு ஊறுகாய்போல் ஆகியிருந்தது. தொட்டுக்கொள்ளச் செனாகுன்னி என்கிற காய்ந்த பொடி இறாலில் செய்த தொக்கு. மூன்று தடவை சோறு வாங்கினேன். பக்கத்தில் நண்பன் கீரையை ரசச் சோற்றோடு பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டான். கேட்காமலேயே என் தட்டிலும் ஒரு கை கீரை வைத்தார் ஆயா. தேங்காய்ப்பூவும் காய்ந்த மிளகாயும் போட்ட பொரியல். நல்லாத்தான் இருந்தது. ஆனாலும் என் ஓட்டு கருவாட்டுக்கே.

தூங்கினேன் என்று சொல்லமுடியாது. மூன்று மணிக்கு அவன் எழுந்து ஒரு சொம்பு நீராகாரத்தை உப்புப் போட்டுக் குடித்தான், அவ்வளவுதான். மீனவர் அடையாள அட்டை இல்லாத என்னைப் போட்டில் ஏற்ற வழியில்லை. கரையில் நின்று பார்த்தேன். சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, இன்ஜின்கள் ஒவ்வொன்றாய் உறுமி, முகத்துவாரம் வழியாக விளக்குகள் வரிசையாகப் போயின. டீசல் புகையில் கண் எரிந்தது. அவன் அம்மா கடைசி விளக்கு வரைக்கும் நிற்கவில்லை. முந்தானையை உதறிக்கொண்டு “வேலை கெடக்கு” என்று கிளம்பிவிட்டார்.

காலையில் பழைய சோறும் முந்தின நாள் குழம்பும். முதல் நாளைவிட நன்றாக இருந்தது என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. புறப்படும்போது ஒரு பை நிறையப் பலாக்கொட்டையும் காகிதத்தில் சுற்றிய கருவாடும் கொடுத்தார்கள். புதுச்சேரி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ரெட்டிச்சாவடி வரும் முன்பே எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் ராத்திரி போன் செய்தான். என்ன மீன், எவ்வளவு என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவன் குரல்:

“கீரை சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். ஆயா திட்டுது.”