பின்கோடு போட்ட கடிதம்

முதல் நாவல் வெளிவந்த மூன்றாவது வாரம் ஒரு வாசகர் போன் செய்தார். "1968ல ஒரு இன்லேண்ட் லெட்டர் வருதே, அதுல விலாசத்துக்குக் கீழே ஆறு இலக்கம் எழுதியிருக்கு. அப்ப ஏது சார் பின்கோடு?"

வயிற்றைக் கலக்கிவிட்டது. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15ஆம் தேதி. நான் 22 வருடமாகத் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். பின்கோடு எழுதாத கவரை நீட்டினால், "எழுதிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறவன்.

அந்த அத்தியாயத்தை ஏழு தடவை திருத்தியிருந்தேன். கதாநாயகியின் புடவை நிறத்துக்கே ஒரு சாயங்காலம் போனது. அந்த ஆறு இலக்கத்தில் மட்டும் கண் நிற்கவில்லை. அதே நாவலில் ஜமுக்காளம் நெய்கிற குழித்தறி வருகிறது. அதற்காக பவானிக்கு இரண்டு முறை போய், குழிக்குள் நெசவாளரின் கால் மிதி மாற்றுவதைக் குனிந்து பார்த்துவிட்டு வந்து எழுதினேன். அதில் இதுவரை யாரும் தப்புச் சொல்லவில்லை. தெரியாததைக் கேட்டு எழுதினேன். தெரிந்ததில் கோட்டை விட்டேன்.

ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலோப்பும் நம் இலாகாதான், லண்டன் பக்கம். விடிகாலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்து, எதிரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் எழுதுவாராம். நானும் ஒரு மாதம் முயன்றேன். சரிப்படவில்லை. அவர் ஒரு பக்கத்தை முடிக்கிற நேரத்தில் நான் ஒரே வாக்கியத்தை மூன்று முறை அடித்திருப்பேன். (ஆங்கிலத்தில் நாலு சொல்லில் சொல்வதை நாம் ஒரே சொல்லாக ஒட்டிவிடுகிறோம் என்று சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன்.) ஆனால் முந்தைய நாள் எழுதியதை அரை மணி நேரம் படித்துவிட்டே அவர் புதிதாகத் தொடங்குவார். அதைப் பிடித்துக்கொண்டேன். மனதுக்குள் இல்லை, வாய்விட்டு. பின்கட்டில் தூங்கும் மாமியார் ஆரம்பத்தில் ஜபம் என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். பாத்திரம் பிறந்த வருடம், அந்தந்த வருடத்தில் அவர் கையில் புழங்கும் காசு, ஊருக்குக் கரண்ட் வந்த வருடம் எல்லாம் அதில் ஏறும்.

போன வாரம் புது நாவலில் 1970ஆம் வருடத்து மணியார்டர் காட்சி ஒன்றை முடித்தேன். தினம் கையாண்ட சமாசாரம் என்பதாலேயே சந்தேகம். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர் கடைசியில் சொன்னார்: "பணத்தை எண்ணிக் கொடுத்தான், கையெழுத்து வாங்கினான், எல்லாம் சரி. மகன் நாலு வரி எழுதியிருப்பானே, அந்தக் கூப்பனைக் கிழிச்சு அம்மா கையில கொடுக்காமப் போயிட்டானே தம்பி உன் தபால்காரன்."