ஒண்ணும் ஆகாது மேடம்

"தம்பி, இதுல என் ஃபைலுக்கெல்லாம் ஒண்ணும் ஆயிடாதே?"

"ஒண்ணும் ஆகாது மேடம். டிஸ்ப்ளே வராதது வேற, ஹார்ட் டிஸ்க் வேற."

கணினி கேபினெட்டுக்குள் தலையை விட்டபடி, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்ன பதில். 8 மாதம் ஆகிவிட்டது. இன்னும் அந்த ஒரு வரியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது.

ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், முன்பக்க விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். இந்த வேலையில் இருப்பவர்கள் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிற கோளாறுதான். மானிட்டர் கேபிளைக் கழற்றினேன், 'சிக்னல் இல்லை' என்று எழுத்து வந்தது. மானிட்டருக்கு உயிர் இருக்கிறது. வேறு கேபிள் போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது என்பதால் கேபிளைத் தவறான இடத்தில் செருகிவிட்டார்களோ என்ற கேள்விக்கும் இடமில்லை. கீபோர்டில் 'நம் லாக்' (Num Lock) பட்டனை அழுத்தினேன். விளக்கு அசையவில்லை. பிரச்சினை திரையில் இல்லை, கணினியை முதலில் எழுப்பிவிடும் பயாஸ் என்ற நிரல் தன் ஆரம்பச் சோதனையைக்கூட முடிக்காமல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் முதல் சந்தேகம் ரேம் மேல்தான் விழும். இதுவரை நான் செய்த எதிலும் எனக்குக் குறை தெரியவில்லை.

அப்புறம் மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி, மிச்ச மின்சாரத்தை வடியவிட்டேன். இரண்டு ரேமையும் கழற்றித் துடைத்தேன். கை உள்ளேதானே இருக்கிறது என்று அந்த 3 வோல்ட் நாணய பேட்டரியையும் நெம்பி எடுத்துவிட்டேன். பயாஸ் செட்டிங்கில் ஏதாவது குழம்பியிருந்தால் அதுவும் சேர்ந்து சரியாகிவிடும், இரண்டு முறை திறந்து மூட வேண்டாம். 5 நிமிடம் கழித்து எல்லாவற்றையும் பொருத்தினேன்.

திரை வந்தது. "வந்துடுச்சே!" என்று மேடம் கைதட்டினார். தேதியும் நேரமும் போய்விட்டது, எஃப்1 அழுத்தவும் என்று கேட்டது. அழுத்தினேன். ஒரு பத்து நொடி நாங்கள் இரண்டு பேருமே சந்தோஷமாக இருந்தோம். அடுத்து நீலத் திரையில், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டது.

அந்தக் கணினியில் பிட்லாக்கர் இருப்பது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் போட்டுவிட்டுப் போனது. பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல், போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் தினமும் காலையில் தானாகப் பூட்டைத் திறந்துவிடும். பயாஸ் நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திறக்கும். நான் பேட்டரியை எடுத்ததும் செட்டிங்கெல்லாம் பழைய நிலைக்குப் போய்விட்டது. இது வேறு யாரோ கைவைத்த இயந்திரம் என்று அது முடிவு செய்தது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கைவைத்தது நான்தானே.

பயாஸுக்குள் போய் டிபிஎம்மை ஆன் செய்தேன், 'செக்யூர் பூட்' (Secure Boot) என்ற துவக்கப் பாதுகாப்பையும் ஆன் செய்தேன். முந்தைய நிலை அப்படியே திரும்பினால் சில கணினிகளில் குறியீடு கேட்காமலே திறந்துவிடும். இங்கே திறக்கவில்லை. முன்பு எது என்னவாக இருந்தது என்று நான் குறித்து வைத்திருக்கவும் வழியில்லை, திரையே வராத கணினியில் எதைப் பார்த்துக் குறிப்பது? முன்னவருக்கு போன் செய்தோம். நினைவில்லை என்றார். அலுவலகக் கணக்குகள், அலமாரிகள், பழைய பென் டிரைவ்கள் என்று இரண்டு நாள் தேடினோம். நான்கைந்து முறை ஊகித்துப் போட்டுப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். 6 இலக்கமாக 8 தொகுதி, ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் வகுபட வேண்டும். தட்டச்சில் தவறினால் கண்டுபிடிக்க வைத்த ஏற்பாடு அது. அந்தக் கட்டுப்பாட்டைக் கழித்த பிறகும் மிஞ்சுவது 128 பிட். ஊகிக்கிற எண்ணிக்கையே இல்லை என்று அவருக்கு விளக்கிச் சொன்னேன். மேடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை வரைக்கும் பேக்கப் இருந்தது. திங்கள், செவ்வாய், புதன் வேலையை அவர் திரும்பச் செய்தார், மாதக் கடைசியில். கணக்குகளை ஒத்துப்பார்த்துத் தனக்காக எழுதி வைத்திருந்த ஒரு குறிப்பு ஃபைல் மட்டும் சர்வரில் இல்லவே இல்லை. பல வருடக் குறிப்பு. அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. ஒரு நாள் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்திருப்பேனே தம்பி."

நான் யோசித்துப் பார்க்கிறேன். அவர் ஃபைல்களுக்கு உண்மையில் ஒன்றுமே ஆகவில்லை. நான் எடுத்த பேட்டரி டிஸ்கில் ஒரு பிட்டைக்கூடத் தொடவில்லை. எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது, திறக்க முடியாது, அவ்வளவுதான். நுணுக்கமாகப் பார்த்தால் என் பதில் சரி. ஆனால் அவர் டிஸ்கைப் பற்றியா கேட்டார்? நாளைக் காலை உட்கார்ந்து அந்த வேலையைத் தொடர முடியுமா என்றுதான் கேட்டார்.

காத்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்றும் தோன்றும். குறியீடு அப்போதும் கிடைத்திருக்காது. போர்டே போயிருந்தால் எப்படியும் இந்த நீலத் திரைக்குத்தான் வந்து நின்றிருப்போம். இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டே வரும்போது, ஒரு இடத்தில் வந்து மாட்டிக்கொள்வேன். ரேமை மட்டும் துடைத்துப் பொருத்தி ஒருமுறை ஆன் செய்து பார்த்திருந்தால்? அதிலேயே திரை வந்திருந்தால் பேட்டரியைத் தொட்டிருக்கவே மாட்டேன். பூட்டு என்றைக்கும்போலத் தானாகத் திறந்திருக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்ததால் எது சரி செய்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று புதிதாகச் சேரும் பையன்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கணினி அன்றிலிருந்து ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை. செய்தால், இந்த முறை ரேமை மட்டும் தொட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்கிறேன். இப்படி ஒரு ஆசை சரியா என்றும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் பையில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன். போர்டில் மாட்டினால் ரேம் கோளாறுக்குப் பெரும்பாலும் பீப் சத்தத்திலேயே விடை வந்துவிடும், பேட்டரிவரை போக வேண்டியதில்லை. யாராவது டேட்டா பற்றிக் கேட்டால், "உறுதியாச் சொல்ல முடியாது, முதல்ல மீட்புக் குறியீடு இருக்கான்னு பார்த்துடலாம்" என்கிறேன். உண்மையான பதில். ஆனால் போன மாதம் இதைக் கேட்ட ஒருவர் பயந்துபோய், என்னைத் தொடவே விடாமல் இரண்டு நாள் வேலையைப் போட்டுவைத்திருந்தார். கடைசியில் பார்த்தால் கேபிள் தளர்ந்திருந்தது. அவருக்கு "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருக்கலாம்தானே என்று அன்று மாலை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேடத்துக்குப் புது எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன். பழைய டிஸ்கை அழிக்க மனம் வரவில்லை, அனுமதி வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். குறியீடு கேட்ட அந்தத் திரையிலேயே, அது எந்தக் குறியீடு என்று காட்டும் அடையாள எண்ணும் இருக்கும். அதன் முதல் 8 எழுத்துகளை ஒரு டேப்பில் எழுதி அதன்மேல் ஒட்டியிருக்கிறேன். போன வாரம் பழைய கோப்பு ஒன்றில், முன்னவர் அச்செடுத்து வைத்திருந்த ஒரு குறியீட்டுத் தாள் கிடைத்தது. இழுப்பறையைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். முதல் எழுத்து சரியாக இருந்தது. இரண்டாவதும் இருந்தது. மூன்றாவது வேறு.