கிளினிக் நாளும் பஸ் நேரமும்

மார்பில் கட்டி தட்டுப்பட்டு எட்டு மாதம் கழித்துத்தான் அந்த அம்மா என்னிடம் வந்தார். மல்லாவிப் பக்கம். "ஏனம்மா இவ்வளவு நாள் விட்டீங்கள்?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "காலபோகம் வெட்டி முடியட்டும் எண்டு பாத்தன் ஐயா, பிறகு மகளுக்குச் சோதினை வந்திட்டுது" என்றார். நோவில்லாத கட்டி. நோகாத ஒன்றுக்காக அறுவடைக் கூலியை யார் விடுவார்கள்?

அந்தக் காலத்தில் அக்குளில் உள்ள நெறியெல்லாவற்றையும், அதாவது நிணநீர் முடிச்சுகளை, வழித்தெடுப்பதுதான் வழக்கம், அவருக்கும் அப்படித்தான் செய்தேன். இப்போது பலருக்கு நோய் முதலில் போய்ச் சேரக்கூடிய நெறி ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் பார்த்து, அதில் நோய் இல்லையென்றால் மற்றதை விட்டுவிடுகிறோம், அதனால் கை வீங்குவது குறைவு. வயலில் களை பிடுங்கி, கிணற்றில் தண்ணீர் அள்ளிச் சீவிக்கிற ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

கத்தி பிடித்த காலம் போய் வைத்தியசாலையைப் பொறுப்பெடுத்தபோது முதலில் கண்ணில் பட்டது நம்பர் துண்டு. காலை எட்டு மணியோடு நம்பர் முடியும். மல்லாவியில் இருந்து மாங்குளம் வந்து, ஏ9 வீதியால் கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணத்துக்கு வருகிற சனம் எட்டு மணிக்கு எப்படி வந்து சேரும்? வந்தவர்கள் திரும்பிப் போனார்கள், சிலர் பிறகு வரவேயில்லை. வன்னி ஆட்களுக்கென்று நம்பர் ஒதுக்கி வைத்தோம். ஸ்கானும் தசைத் துண்டு எடுப்பதும் ஒரே நாளில் முடியவேண்டும் என்று சொன்னதற்கு உள்ளேயே நிறைய எதிர்ப்பு. சரி, அதையும் பேசித்தான் செய்தோம், ஒரு வருடம் போனது.

வடக்கில் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை வந்தது பெரிய ஆறுதல். 2011 இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து சேர்த்த காசில் எழுந்தது அது. கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய் வாரக்கணக்கில் தங்குவதை நினைத்தே சிகிச்சை வேண்டாமென்ற ஆட்களை நான் கண்டிருக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்குக் கரண்ட் பிடிப்பதும், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சையும், முன்பு 25 தடவை, ஐந்து கிழமை. இப்போது பலருக்கு 15 தடவை, மூன்று கிழமையில் முடிகிறது. அந்த இரண்டு கிழமை மாட்டைப் பார்க்கவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் ஆகிறது.

2022 ஐ மறக்க முடியாது. பெற்றோல் இல்லை, மருந்து தட்டுப்பாடு, இல்லாத ஊசியை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதும்போது கை கூசும். ஒரு ஐயா உழவு மெசினின் பெட்டியில் பிரதான வீதி வரை வந்து, அங்கிருந்து லொறி பிடித்து வந்தார், அன்றைக்குக் கொடுக்க மருந்து இருக்கவில்லை. அப்புறம் நான் பழக்கியெடுத்த இளம் டொக்டர்மார் இரண்டு பேர் வெளிநாடு போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஐயாவின் முகம் இன்னும் போகவில்லை.

மல்லாவி அம்மா இப்போதும் கிளினிக்குக்கு வருகிறார். போன முறை வலக்கை நன்றாக வீங்கியிருந்தது. "களை பிடுங்கினனீங்களோ?" என்றேன். "மற்றக் கையாலதான் ஐயா" என்றார். நாடாவை எடுத்து இரண்டு கையையும் அளந்து, கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். மாங்குளம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பிவிட்டார்.