காடைக்குப் புழுத் தீவனம்: குடல் பழகும் வரை

ஒரத்தநாட்டுப் பக்கம் காடை வளர்க்கிறோம். ஜப்பானியக் காடைதான். வரப்போரம் ஓடும் காட்டுக் காடையைப் பிடிப்பது 1972 வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். அந்தக் காட்டுக் காடையைக் கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

காடைக் குஞ்சுத் தீவனத்தில் ஏறக்குறைய கால் பங்கு புரதம் வேண்டும். பிராய்லர் குஞ்சுக்கே அவ்வளவு தேவையில்லை. அதற்காகச் சோயாப் புண்ணாக்கோடு கருவாட்டுத்தூள் சேர்த்துவந்தோம். அதில் மணல் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பது மூட்டையைப் பிரித்தால்தான் தெரியும். உப்பு கூடிவிட்டால் காடைகள் தண்ணீராகக் குடித்துத் தண்ணீராகவே கழியும். அந்த எரிச்சலில்தான் பிஎஸ்எஃப் புழுவுக்கு வந்தேன், அதாவது கருப்புச் சிப்பாய் ஈயின் புழு. அப்பாயி முகம் சுளிக்கும் என்று நினைத்தேன். "நாங்க பானையில சாணியும் சாக்கும் வச்சுக் கரையான் புடிச்சுக் கோழிக்குஞ்சுக்குப் போடலையா?" என்றதோடு சரி.

புழு வளர்ப்பு பெரிய வித்தையில்லை. காய்கறிக் கழிவும் தவிடும் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தேறிவிடும். கறுத்துத் தானாகத் தொட்டியை விட்டு ஏறும் முன்பே எடுத்துவிட வேண்டும், முற்றினால் தோல் தடிக்கும். எடுத்ததை ஒரு நாள் பட்டினி போட்டு, கொதிநீரில் முக்கி, காயவைத்து அரைக்கிறேன். கொதிநீரில் முக்குவதைத் தவிர்க்கவே கூடாது. தவிர்த்தால், கழிவிலிருந்து புழுவுக்கு வந்த சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி அப்படியே காடைக்குப் போகும். இறைச்சிக் கழிவு என் தொட்டியில் கிடையாது.

கடினமான பகுதி இதற்குப் பிறகுதான். காடையின் சிறுகுடல் முடியும் இடத்தில் இரண்டு நீளப் பைகள் உண்டு, சீக்கம் என்பார்கள். குடல் பாக்டீரியாக்கள் மிகுதியாக வாழ்வது அங்கேதான். இன்குபேட்டரில் பொரிந்த குஞ்சுக்குத் தாயிடமிருந்து நுண்ணுயிர் வருவதில்லை. தீவனம், தண்ணீர், கூளம் இவற்றிலிருந்துதான் சேர்கிறது. புழுத்தூளோடு இரண்டு புதுச் சரக்கு உள்ளே போகிறது. ஒன்று, புழுவின் தோலில் உள்ள கைட்டின் என்ற நார் போன்ற பொருள். காடையால் அதை முழுக்கச் செரிக்க முடியாது. மிச்சம் சீக்கத்துக்குப் போகும். அங்குள்ள சில பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தரும். குடல் சுவருக்கு அதுதான் சாப்பாடு. இன்னொன்று லாரிக் அமிலம், பேராவூரணித் தேங்காய் எண்ணெயில் இருக்கிற அதே சரக்கு. கிளாஸ்ட்ரிடியம் போன்ற பாக்டீரியாக்களை அது அடக்கும். காடைக்குடலில் புண் வைத்துக் கூண்டையே காலி செய்யும் நோய்க்குக் காரணம் அந்த இனம்தான்.

"அதுக்காக அள்ளிப் போட்றாதீங்க தம்பி, உள்ள இருக்கிற பாக்டீரியா மாற நாளாகும்" என்றார் கால்நடை மருத்துவர். அதனால் நூறு கிலோ தீவனத்துக்கு இரண்டு கிலோ என்று தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டினேன். சில கூண்டுகளைப் பழைய தீவனத்திலேயே விட்டுவைத்தேன். ஒப்பிட ஏதாவது வேண்டுமல்லவா?

பார்க்க வேண்டியது எச்சத்தைத்தான். வழக்கமான எச்சம் கெட்டியாக, மேலே வெள்ளை படிந்திருக்கும். இடையிடையே கரும்பழுப்பில் பிசுபிசுவென்று நாற்றத்தோடு விழுவது சீக்கத்திலிருந்து வருவது. அது நோய் அல்ல. புதிதாக வளர்ப்பவர்கள் அதைப் பார்த்துப் பயந்து ஆன்டிபயாடிக் கலந்துவிடுகிறார்கள். பழகிவரும் பாக்டீரியாவும் அதோடு போய்விடும். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழியினங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019-லேயே அரசு தடை செய்துவிட்டது, அதைத் தேடி அலைய வேண்டாம். நுரையோ இரத்தமோ இருந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

எனக்கு அளவு கூட்டும்போதெல்லாம் எச்சம் கொஞ்சம் இளகியது. அங்கேயே நிறுத்திக் காத்திருந்தால் கெட்டிப்பட்டது. பத்து கிலோவைத் தாண்டவில்லை. புழுவில் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம் என்பதால் எண்ணெயையும் கிளிஞ்சல் தூளையும் குறைத்தேன். எடையில் இரண்டு பக்கத்துக் காடைகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. புழு தின்றால் காடை ஊதிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எச்சத்தட்டு உலர்ந்திருப்பதும் கருவாட்டுத்தூள் வாங்காமலிருப்பதும்தான் எனக்கு லாபம்.

ஐப்பசி அடைமழையில் புழு காய்வதில்லை, அரைத்த தூளும் பூசணம் பிடிக்கிறது. அதனால் புரட்டாசி கடைசியிலேயே அளவைக் குறைக்கத் தொடங்கிவிடுகிறேன். ஏற்றிய மாதிரியே மெதுவாகத்தான் இறக்க வேண்டும்; சட்டென்று நிறுத்தினால் எச்சம் மறுபடி இளகும்.