வளைந்த முதுகும் ஒரு மன்னனின் பெயரும்

இங்கிலாந்தின் லெஸ்டரில் எக்ஸ்ரே எடுக்கும் ரேடியோகிராபராக இருந்துகொண்டு, 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மன்னர் மூன்றாம் ரிச்சர்டைத் தெரியாமல் இருக்க முடியாது. 2012இல் இவ்வூர்க் கார் நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் கிடைத்த அவருடைய எலும்புக்கூட்டின் படத்தைப் பார்த்ததும் என் கண் நேராக முதுகுத்தண்டுக்குத்தான் போனது. அப்படிப் பக்கவாட்டில் வளைந்த தண்டுகளை வேலையில் அடிக்கடி படமெடுக்கிறேன். பெரும்பாலும் பதின்வயதுப் பெண்பிள்ளைகள். புத்தகப் பை கனத்ததாலா, கோணலாக உட்கார்ந்ததாலா என்று பெற்றோர் கேட்பார்கள். பலருக்கு இது ஏன் வந்தது என்று மருத்துவர்களுக்கே தெரியாது. யார் செய்த தவறும் இல்லை.

ரிச்சர்டுக்கும் அது வளரும் வயதில் வந்ததுதான். சி.டி. ஸ்கேனைக் கொண்டு கணித்த வளைவு 60 டிகிரிக்கும் மேல். இன்றென்றால் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். கூனோ சூம்பிய கையோ இல்லை. ஒரு தோள் சற்று உயர்ந்திருக்கும். நல்ல தையற்காரர் அதையும் மறைத்திருப்பார். அந்த உடம்போடு குதிரையேறிப் போரிட்டுத்தான் 1485இல், 32 வயதில், பாஸ்வொர்த் களத்தில் விழுந்தார்.

பிறகு அவரை வென்ற டியூடர் வம்சத்தின் ஆட்சி. அவர் இருந்தபோது நல்ல அரசரென்று புகழ்ந்த வரலாற்றெழுத்தாளர் ஜான் ரவுஸே, இறந்தபின் பல்லோடும் தோள்வரை முடியோடும் பிறந்தவர் என்று எழுதினார். ஷேக்ஸ்பியர் கூனைக் கொடுமையின் அடையாளமாகவே மேடையேற்றிவிட்டார். அரச குடும்பச் சேகரிப்பிலுள்ள ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்தபோது, வலது தோளை யாரோ பின்னால் உயர்த்தித் தீட்டியிருப்பது தெரிந்தது. நான் தினமும் கையாளும் கதிர் ஓர் அவதூறைப் பிடித்துக் கொடுத்ததில் எனக்குப் பெருமைதான்.

அதைக் காட்டி, குறையே கட்டுக்கதை என்று அவருடைய ஆதரவாளர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். எலும்பு வெளிவந்ததும் அந்த வாதம் விழுந்தது. அகழாய்வுக்குப் பணம் திரட்டியவர்களும் அவர்களே என்பதால் எனக்கு அவர்கள்மீது மரியாதை உண்டு. ஆனாலும், முதுகு நேராக இருந்தால்தான் மனிதன் நல்லவன் என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிட்டதே! என்னிடம் படமெடுக்க வரும் பிள்ளைகளை நினைத்தால் அது பொறுக்கவில்லை.

அவரை எடைபோட வேறு விஷயங்கள் உண்டு. 1484 நாடாளுமன்றத்தில் மன்னருக்கான கட்டாய நன்கொடையை ஒழித்தார்; சந்தேகத்தில் பிடிபட்டவர்களுக்குப் பிணை கிடைக்க வழிசெய்தார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, அவருடைய அண்ணன் மகனான 12 வயது மன்னர் ஐந்தாம் எட்வர்டும் 9 வயதுத் தம்பியும் லண்டன் கோபுரத்தில் காணாமல் போனார்கள். இருவரும் சித்தப்பா ரிச்சர்டின் பொறுப்பில் இருந்த பிள்ளைகள். கொன்றுவிட்டார்கள் என்ற பேச்சு பரவிய பிறகும் அவர்களை அவர் ஊருக்குக் காட்டவே இல்லை. ரிச்சர்டை நான் குற்றம் சாட்டுவதென்றால் அதற்காகத்தான் சாட்டுவேன்.