சம்பளத்தைக் கேட்கும் முன் விசாவைப் பாருங்கள்

வெளிநாட்டில் டிரைவர் வேலை வந்திருக்கிறது என்று சொல்லி வருகிற பையன்கள் எல்லாரும் முதலில் சம்பளத்தைத்தான் சொல்வார்கள். விசாவில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது என்று நான் கேட்பேன். பாதிப் பேருக்குத் தெரியாது.

சவூதியில் டிரெய்லர் ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய நான், செட்டிநாட்டில் புதுவயல் பக்கம் ஒரு பொட்டலில் வண்டி பழக்கிவிடுகிறேன். சவூதியில் ஸ்டீயரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில். அப்படி ஒரு வண்டி இங்கே கிடைக்காது. அதனால் பழைய லாரியின் சீட்டையும் ஸ்டீயரிங்கையும் கியர் ராடையும் தகரக் கொட்டகைக்குள் வெல்டிங் வைத்துப் பொருத்தியிருக்கிறேன். உட்கார்ந்தவுடன் எவனுக்கும் இடக்கை கியரைத் தேடிப் போய்ச் சுவரில் முட்டும். அந்தப் பழக்கம் விடும்வரை எழுந்திருக்க விடமாட்டேன். ரவுண்டானாவில் இடப்பக்கமிருந்து சுற்றி வருகிற வண்டிக்கு வழிவிடுவதையும் இப்படியே மனத்தில் பதிய வைக்க வேண்டும். ரிவர்ஸ் எடுப்பது தனிக் கலை. டிரெய்லரின் பின்பக்கம் இடப்புறம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை வலப்புறம் ஒடிக்க வேண்டும். சொன்னால் புரிந்துவிடும், கைக்கு வர நாளாகும்.

ஐரோப்பா போக நினைக்கிறவர்களுக்கு வேறு பாடம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். வண்டியிலுள்ள டாக்கோகிராஃப் என்ற கருவி ஓட்டிய நேரம், ஓய்வு எல்லாவற்றையும் பதிந்துவிடும். தூத்துக்குடிக்குப் போய் இரவோடு இரவாகத் திரும்பியதைப் பெருமையாகச் சொல்லும் பையனுக்கு இதுதான் கஷ்டம்.

கை பழகிவிடும். என் கவலையெல்லாம் தாள்களைப் பற்றித்தான். லாரி டிரைவர் என்று சொல்லி அழைத்துப்போய் வீட்டு டிரைவராக இறக்கிவிட்ட கதைகள் நம் பக்கத்திலேயே உண்டு. வீட்டு வேலை விசாவுக்குச் சவூதியின் பொதுத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது. இன்னொரு கொடுமை, வேலைக்குப் போகிறவனை விசிட் விசாவில் ஏற்றிவிடுவது. பத்தாவது முடிக்காதவருக்குப் பாஸ்போர்ட் இசிஆர், அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற வகையில் வரும். சவூதி, குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அதோடு 10 லட்ச ரூபாய் காப்பீடும் உண்டு. இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான். விசிட் விசாவில் ஏற்றிவிட்டால் அனுமதியும் இல்லை, காப்பீடும் இல்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர கட்டணமாக வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்பவனிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்கிறார்களே என்று வயிறு எரிகிறது. 1978 முதல் தமிழக அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

செட்டிநாட்டிலிருந்து கடல் கடந்து ஆள் அனுப்புவது புதிதல்ல. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன கடை ஆட்களுக்கு நகரத்தார் சம்பளச் சீட்டு எழுதினார்கள். எந்த ஊர்க் கடை, எத்தனை வருடம், என்ன சம்பளம் என்பதெல்லாம் தமிழில் இருக்கும். இன்று நம் பையன்கள் அரபியிலும் ஆங்கிலத்திலும் உள்ளதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுப்பதில்லை. ஒப்பந்தத்தை வரிவரியாகப் பார்க்கிறோம். பையனோடு அம்மாவோ அண்ணனோ யாராவது ஒருவர் வர வேண்டும். ஒரு நகல் வீட்டில் இருக்க வேண்டும். சிக்கல் என்று வந்தால் இந்தியத் தூதரகத்துக்கு எழுதப்போவது அவர்கள்தான்.